அறுபதாயிரம் தள்ளுபடி

ஜூலை 18, வியாழன்

எட்டு லட்சத்து அறுபதாயிரம்! வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகும் படபடப்பு அடங்கவில்லை.

செய்தித்தாள் விளம்பரத்தில் ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆடி மாதத்தில் யாரும் கார் வாங்க மாட்டார்கள், விலை படியும் என்று நினைத்து, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி பைபாஸ் ரோட்டு ஷோரூமுக்குப் போனேன். ஜெபசிங் என்பவர் வரவேற்றார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை.

"சார் வரலையா மேடம்?" என்றார்.

"எந்த சார்?"

"வண்டி ஓட்டுற சார்."

நான்தான் என்றேன். அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். போன வருடம், அறுபத்திரண்டு வயதில் வாங்கியது. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

விலையைச் சொன்னபோது அதிர்ச்சி என் பக்கம் வந்தது. "விளம்பரத்துல உள்ளது எக்ஸ்-ஷோரூம் விலை மேடம். ரோட்டுல இறங்கணும்னா இதுதான்." அதாவது, சேலைக்கு ஒரு விலை, அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பதற்கு இன்னொரு விலை.

கார் எனக்கு ஆடம்பரம் இல்லை. ராஜகனி இடுப்பெலும்பு முறிந்து சாத்தான்குளத்தில் படுத்திருக்கிறாள். எங்கள் பள்ளியில் நான் கணக்கு, அவள் விளையாட்டு. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விசில் இல்லாமலே கூப்பிடுவாள். பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு இரண்டு நாள் முதுகு நிமிர்வதில்லை. தம்பி திருமலையப்பனிடம் கூட்டிப் போகச் சொன்னால், "அவ்வளவு தூரம் எதுக்குக்கா? போன்ல பேசிக்கோயேன்" என்பான்.

வீட்டில் ஒரு கார் இருந்ததுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு சும்மா நின்றது. பேட்டரி கெட்டுவிடும் என்று திருமலை எடுத்துப் போனான். பிறகு அதை மாற்றி அவன் ஒரு புது வண்டி வாங்கிக்கொண்டான். சும்மா நிற்பதைவிட அது நல்லதுதானே.

ஜூலை 19, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. டெலிவரிக்குச் சொல்ல வேண்டிய நம்பர் தம்பியின் போனுக்குத்தான் போகும். அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான், எடுக்கவில்லை. சிலிண்டர்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். இரவுக்கு அவல்.

ஜூலை 20, சனி

மறுபடியும் ஷோரூம். விலைச் சீட்டை வைத்துக்கொண்டு, "ஒவ்வொண்ணா சொல்லுங்க தம்பி. எனக்கு அவசரம் இல்ல" என்றேன். அவருக்கு அவசரம் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

சாலை வரி, பதிவுக் கட்டணம், சரி. அரசாங்கத்துக்குப் போவது. அடுத்து ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்று.

"கம்பெனியிலேருந்து வண்டியை இங்க கொண்டு வர்ற செலவு மேடம்."

"கொண்டு வராம எப்படி விப்பீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் ஓர் உதாரணம் சொன்னேன். "கத்திரிக்காய் விக்கிற அம்மா, காய் கிலோ நாப்பது, தலையில சுமந்துட்டு வந்தது தனியா பத்துன்னு கேட்டா குடுப்பீங்களா?"

"எங்கம்மா கூடையையே கவுத்திருவாங்க மேடம்" என்றவர், சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வரியை அடித்தோம்.

அடுத்தது அத்தியாவசியப் பொருள்கள். அதற்கு எட்டாயிரம். என்னென்ன என்று கேட்டேன். கால்மிதி, துடைக்கிற துணி, வாசனைப் புட்டி, ஸ்டியரிங்குக்கு உறை, முன்னால் ஒட்டி வைக்க ஒரு பிள்ளையார்.

"பிள்ளையார் எவ்வளவு?"

"பிள்ளையார் ஃப்ரீ மேடம்."

"அப்ப அவரை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எடுத்திருங்க."

பக்கத்து மேசைப் பெண் குனிந்து சிரித்தாள். வண்டிக்குப் பளபளப்புப் பூச்சு, அடியில் துரு பிடிக்காத பூச்சு என்று இன்னும் இரண்டு. "புது வண்டி துருப்பிடிக்குமா?" என்றேன். "கடற்கரைப் பக்கம் போனா பிடிக்கும் மேடம்." சாத்தான்குளம் கடற்கரை இல்லை. இருந்தாலும் கொஞ்சம் யோசிக்கிறேன் என்றேன். விட்டுக் கொடுப்பதற்கும் ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

ஜூலை 24, புதன்

காப்பீட்டை வெளியே விசாரித்தேன். ஷோரூம்காரர்கள் சொன்னதில் கிட்டத்தட்டப் பாதிதான் ஆகிறது. அதே காப்பீடு! அதே கம்பெனி! சொன்ன ஏஜென்டிடம் மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரே கணக்குக்கு இரண்டு விடை வந்தால், ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே இரண்டும் சரியாம்.

ஜூலை 26, வெள்ளி

முடிந்தது. எட்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். ஜெபசிங் மேனேஜர் அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கடைசியில் மேனேஜரே வெளியே வந்து, "மேடம், இதுக்குக் கீழ போனா நாங்க டீ கூட குடிக்க முடியாது" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் பட்டது. துருப் பூச்சை நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

நியாயமான விலை என்றால் என்ன? விற்பவருக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும், வாங்குபவருக்கும் தூக்கம் வர வேண்டும். இன்று எனக்குத் தூக்கம் வரும். நானே பேசி வாங்கிய விலை. கனிக்குப் போன் செய்து சொன்னேன். "ஏட்டி வடிவு, நீ வாரதுக்குள்ள நான் எந்திச்சு ஓடிராமப் பாத்துக்கோ" என்றாள்.

திருமலையிடமும் சொன்னேன்.

"தனியாவா போன?"

"ஆமா."

"என்னையக் கேக்காமலா? ஒரு பொம்பளை தனியாப் போனா தலையில கட்டிருவான்கா. எட்டு பதினஞ்சுன்னா அநியாயம். ஆடிப் பதினெட்டு அன்னிக்கு நல்லது, அன்னிக்கு நானே வந்து அட்வான்ஸ் போடுதேன். நீ பேசாம இரு."

நன்றாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த 'அநியாயம்' காதிலேயே நிற்கிறது. பதினைந்து மதிப்பெண் கேள்வியைச் சரியாகப் போட்டுவிட்டுச் சைபர் வாங்கிய பெண் எப்படி இருப்பாள்? அப்படி இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

ஏழு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம்! அறுபதாயிரம் குறைத்துவிட்டான்! நான் நாள் கணக்கில் வரி வரியாக அடித்துக் குறைத்ததைவிட, அவன் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் குறைத்தது அதிகம்.

ராகு காலம் முடிந்ததும் நல்ல நேரம். தம்பி மனைவி செண்பகமும் வந்திருந்தாள், கையில் மல்லிகைப்பூவோடு. ஷோரூமில் நிற்க இடமில்லை. ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள், ஆனால் பதினெட்டாம் பெருக்குக்கு அட்வான்ஸ் போட ஊரே வந்துவிடும் போல. திருமலை மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிடா?" என்றேன்.

"அதெல்லாம் ஒரு வழி இருக்கு. நீ பணத்தைப் போடு, நல்ல நேரம் போகுது. மிச்சத்தைப் பிறகு பேசிக்கிடலாம்."

என் வங்கிக் கணக்கிலிருந்து அட்வான்ஸ் போட்டேன். செண்பகம் பூவைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, "மதினி, உங்க ராசி" என்றாள். ஜெபசிங் மட்டும் என்னவோ என் முகத்தைப் பார்க்காமலே ரசீதைத் திருமலையிடம் கொடுத்தார். வியாபாரத்தில் தோற்றுவிட்டோம் என்ற வருத்தமாக இருக்கும், பாவம்.

மத்தியானம் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். அடுத்த மாதம் இந்நேரம் வண்டியில் கனியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகலாம்.

ஆகஸ்ட் 7, புதன்

தம்பி வீட்டில் சாப்பாடு. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அந்த அறுபதாயிரம் எப்படிக் குறைந்தது என்று மறுபடி கேட்டேன். தெரிந்தால் மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்றுதான் கேட்டேன்.

"சர்வீஸ்ல இருக்க அரசாங்க ஊழியருக்கு ஒரு சலுகை இருக்குக்கா. ரிடையர் ஆனவங்களுக்குக் கிடையாது. அதுபோக அவங்க கம்பெனி வண்டி ஏற்கெனவே வச்சிருந்தா இன்னொரு போனஸ். எனக்கு ரெண்டும் உண்டு. அதான் எம்பேர்ல போட்டுட்டேன்."

கையில் சோறு இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

"எது உன் பேர்ல?"

"வண்டிதான்."

செண்பகம் இன்னும் கொஞ்சம் அவியல் வைத்தாள். அவன் மோரை ஊற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனான். என் தெரு குறுகலாம், வண்டி அவன் வீட்டில் நிற்கட்டுமாம். "எங்க போகணும்னாலும் ஒரு போன் அடி. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். இந்த வயசுல நீ எதுக்குக் கஷ்டப்பட்டு ஓட்டணும்?" கடைசியாக, ரொம்பப் பிரியமாக, "பின்னால பேர் மாத்துத அலைச்சலும் மிச்சம் பாரு" என்றான்.

பின்னால என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. அவியல் நன்றாக இருக்கிறது என்றேன்.

அவன் நல்லதுக்குத்தான் செய்திருக்கிறான். பக்கத்து வீட்டில் குழாய் போட்டு நாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் செலவு மிச்சம் இல்லையா? அது போல. தண்ணீர் தண்ணீர்தானே.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாவு புளித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கனியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் குரலைக் கேட்டே பிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏட்டி, துணி எவ்வளவு, கால்மிதி எவ்வளவுன்னு அவ்வளவு துருவிக் கேட்டியே. வண்டி யார் பேர்லன்னு கேட்டியா?"

"நல்ல நேரம் முடியப் போகுதுன்னான்..."

"ஆமா, அவனுக்கு நல்ல நேரம்!" என்று சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்து என்னையே திட்டினாள். பிறகு குரல் மாறியது. "பணம் யாருது?"

"என்னுது."

"லைசென்ஸ்?"

"என்னுது."

"சாவி?"

நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

எத்தனை பெண்களை, விடைத்தாளில் முதலில் பதிவெண்ணை எழுது, பிறகு கணக்கைப் போடு என்று அதட்டியிருக்கிறேன். கணக்கெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு நானே அதை விட்டுவிட்டேன். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நம்ப முடியாதது எது என்றும் தெரியவில்லை. அவன் செய்ததா, நான் கேட்காததா?

கனி கேட்ட மூன்றாவது கேள்வியைக் காருக்கு மட்டும் கேட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன். கேஸ், மின்சாரக் கட்டணம், பென்ஷன் வருகிற குறுஞ்செய்தி, பீரோவின் இன்னொரு சாவி என்று மனம் எங்கெங்கோ போகிறது.

ஆகஸ்ட் 10, சனி

தனியாகப் போனேன். ஜெபசிங் எழுந்து நின்றார். "சார் வரலையா" என்று இந்த முறை கேட்கவில்லை.

"தம்பி, விலையை ஏத்தணும்" என்றேன்.

"குறைக்கணுமா மேடம்? இனிமே முடியாது மேடம், சாரே ரொம்ப..."

"ஏத்தணும். அறுபதாயிரம். என் பேர்ல போட்டா என்ன விலையோ அதுக்கு."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மேனேஜரைக் கூட்டி வந்தார். மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மதிப்பெண் கூடப் போட்டுவிட்டீர்கள், குறையுங்கள் என்று ஒரு பெண் வந்து நின்றபோது என் முகத்தில் அதுதான் இருந்திருக்கும்.

"மேடம், இந்த நாற்காலியில எத்தனையோ பேரு உக்காந்து அழுதிருக்காங்க, சண்டை போட்டிருக்காங்க. ஏத்துங்கன்னு யாரும் கேட்டதில்ல" என்றார்.

ஆனால் வியாபாரி வியாபாரிதான். அடுத்த மூச்சிலேயே, மாதம் மாறிவிட்டது, பழைய சலுகை முடிந்துவிட்டது, என் பெயரில் என்றால் எட்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்றார்.

எனக்கு வந்த கோபம்! "நான் ஏத்தச் சொன்னது எட்டு லட்சத்துப் பதினஞ்சு வரைக்கும். அது நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட விலை. அதுக்கு மேல கேட்டா, ஏத்தச் சொன்னவகிட்ட இன்னும் கொஞ்சம் பிடுங்குற மாதிரி இல்லையா?"

"மேடம், சிஸ்டம்ல..."

"நான் உக்காந்திருக்கேன். நீங்க சிஸ்டத்துக்கிட்ட பேசிட்டு வாங்க."

உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். நான் கொண்டுபோன தயிர்சாதத்தை அங்கேயே சாப்பிட்டேன். ஜெபசிங் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது மெதுவாக, "அன்னிக்கே உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன் மேடம். குடும்ப விஷயம்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றார். அன்று அவர் என் முகத்தைப் பார்க்காதது வியாபார வருத்தத்தால் இல்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். எட்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். ஆனால் ஒன்று. "புக்கிங் சார் பேர்ல இருக்கு. அவரே சொன்னாத்தான் கேன்சல் பண்ண முடியும். அதுவும் திங்கள்கிழமைக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் பில் போட்டுருவாங்க."

விலை பேசுவதுதான் சிரமம் என்று இதுநாள் வரை நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டு தரம் போனை எடுத்தேன். இரண்டு தரமும் செண்பகத்திடம் வெண்டைக்காய் விலை பேசிவிட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆபீஸ் முடிந்து வரச் சொன்னேன். வந்தான். காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

திருமலையின் முகம் இப்படி வெளிறி, அப்பா இறந்த அன்று பார்த்தது.

"அறுபதாயிரம்கா! வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா? ஊருல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"அப்ப என்னைய நம்பல."

"உன்னை நம்பாம யாரை நம்பப் போறேன்?"

"பிறகு என்ன? உன் வண்டியை நான் வித்துத் தின்னுருவேனா? காலேஜ் பீஸ் கட்டினது நீ. உன் வளையலை வச்சுக் கட்டின. உனக்கு நான் ஒண்ணும் செய்யக் கூடாதா? நீ ரோட்டுல லாரிக்கு நடுவுல ஓட்டிட்டுப் போறதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலைக்கா!"

அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. எனக்கு அதுதான் பெரிய அடி. அவன் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஏமாற்றுகிறவனிடம் விலை பேசிவிடலாம். இவனிடம் என்ன பேசுவது?

"ஏன் உன் பேர்லதான் வேணும்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றான்.

உதாரணம் தேடினேன். முப்பத்து நான்கு வருடம் எதற்கும் ஓர் உதாரணம் கிடைக்காமல் போனதில்லை. குழாய், வீடு, குடை, என்னென்னவோ வந்தது. எதுவும் பொருந்தவில்லை.

"எனக்கு வேணும் திருமலை."

"அதான் ஏன்?"

"வேணும்."

அவன் போனை எடுத்து ஜெபசிங்கைக் கூப்பிட்டான். "திருமலையப்பன் பேசுதேன். என் புக்கிங்கைக் கேன்சல் பண்ணிருங்க. ஆமா. அக்கா பேர்ல போட்டுருங்க." வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். காபியைத் தொடவில்லை.

ஜெயித்துவிட்டேனா? உட்கார்ந்து அந்த ஆறின காபியை நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. கேஸ் ஏஜென்சிக்கு நடந்துபோய் என் நம்பரைக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு பொத்தானைத் தட்டி, "மாத்தியாச்சும்மா" என்றாள். இவ்வளவுதானா! வாயைத் திறந்தபடி அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர், "தள்ளுங்கம்மா" என்றார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணி பிறந்துவிட்டது. இன்று வண்டி வந்தது.

செண்பகத்துக்கு மட்டும் தகவல் சொல்லியிருந்தேன். பத்தரைக்கு அவள் ஷோரூம் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே அவனும் இறங்கினான். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்க்காமல், அங்கே நின்ற வேறு ஒரு வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பத்து நாளா ஒரே உர்ருன்னு இருக்காக மதினி. வரலைன்னா நான் மட்டும் போறேன்னேன். முன்னாடியே ஆட்டோல ஏறி உக்காந்துட்டாக" என்று செண்பகம் என் காதில் சொன்னாள்.

வண்டியை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். வெள்ளை நிறம். சந்தனம், குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றோம். அப்போது அந்த மேனேஜர் சாவித் தட்டை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், நேராகத் திருமலையிடம் நீட்டிவிட்டார்!

ஜெபசிங் "சார், சார்" என்று பதறினார். செண்பகம் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் அசையவில்லை. தட்டு அவன் கைக்குக் கீழே இருந்தது.

"ஓனர்கிட்ட குடுங்க" என்றான்.

கோபத்தில் சொன்னானா, மனசாரச் சொன்னானா, தெரியவில்லை. எதுவானாலும் சொன்னது அவன்தான்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது கேட்டது. ஷோரூமை விட்டு பைபாஸில் ஏறினேன். செண்பகம் பின்னால் உட்கார்ந்து ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தாள். திருமலை என் பக்கத்தில். நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். முன்னால் ஒரு பஸ் சட்டென்று நின்றது. நான் நிதானமாகத்தான் நிறுத்தினேன்.

அப்போது தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவனுடைய வலது கால் அந்தப் பக்கம் இல்லாத ஒரு பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

பஸ் கிளம்பியது. அவன் காலை எடுக்கவில்லை. நான் கியரை மாற்றிக் கிளம்பினேன்.